வேல்ஷ் மொழிச் சட்டம்: பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் குடியேறியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு வேல்ஷ் தெரியாவிட்டால் தள்ளிவிடுவார்களா?

பதில்: சட்டம் கட்டுப்படுத்துவது நிறுவனத்தை, உங்களை அல்ல. 2011 வேல்ஷ் மொழிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி, ஒவ்வொரு புதிய பணியிடத்துக்கும் வேல்ஷ் அவசியமா, சேர்ந்தபின் கற்கலாமா, இருந்தால் நல்லதா, தேவையே இல்லையா என்று அவர்கள் முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். விளம்பரத்தில் முதலில் அதைப் பாருங்கள். 'சேர்ந்தபின் கற்கலாம்' என்றிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

மதிப்பிடாமல் பழைய விளம்பரத்தையே எடுத்துப் போடும்போதுதான் சிக்கல். தேவையற்ற இடத்தில் 'அவசியம்' என்று போட்டால் வெளியிலிருந்து வந்தவர்கள்தான் அடிபடுகிறார்கள். அது மறைமுகப் பாகுபாடு ஆகலாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 2010 சமத்துவச் சட்டம் துணைக்கு இருக்கிறது. ஆனால் மறதி நோயில் பிற்பாடு கற்ற ஆங்கிலம் போய், வேல்ஷ் மட்டுமே நாவில் நிற்கும் முதியவர்கள் உள்ள வார்டில் அந்த நிபந்தனை முழுக்க நியாயம்.

கேள்வி: பிரிட்டிஷ் குடியுரிமைக்கு வேல்ஷ் கட்டாயமா?

பதில்: இல்லை. ஆங்கிலம், வேல்ஷ், ஸ்காட்லாந்தின் மொழியான ஸ்காட்டிஷ் கேலிக் மூன்றில் ஏதாவது ஒன்று போதும்.

கேள்வி: வீட்டில் வேறு மொழி பேசுகிறோம். மகளை வேல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம் வராமல் போய்விடுமா?

பதில்: போகாது. பொதுவாக 7 வயதுவரை எல்லாம் வேல்ஷில், பிறகு ஆங்கிலமும் பாடமாகச் சேரும். நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்குத் தீவிர மொழிப் பயிற்சி மையங்கள் உண்டு. வடமேற்கு வேல்ஸின் க்வினெத் மாவட்டத்தில் 1984 முதல் நடக்கின்றன. உண்மையான தொல்லை பஸ்தான். தொடக்கப் பள்ளிக்கு 2 மைல், உயர்நிலைக்கு 3 மைல் தாண்டினால் இலவசப் போக்குவரத்து என்பது பொது விதி. ஆனால் அது அருகிலுள்ள பொருத்தமான பள்ளிக்கு மட்டும். தூரத்து வேல்ஷ் பள்ளிக்கும் பொருந்துமா என்பது உள்ளாட்சிக் கவுன்சிலைப் பொறுத்தது. சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வேல்ஷ் மொழி, கல்வி பற்றிய 2025 சட்டம் ஆங்கில வழிப் பள்ளிகளில் என்ன மாற்றும்?

பதில்: படிப்படியாகக் குறைந்தது 10% கற்பித்தல் வேல்ஷில் நடக்க வேண்டும். இதில் குடியேறியவர் பிள்ளைக்கு ஒரு நன்மை: வகுப்பில் பலரும் அதே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். வேல்ஷில் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதாததுதான் என் கவலை.

கேள்வி: என் கடைப் பலகை இரு மொழியில் இருக்க வேண்டுமா?

பதில்: தனியார் கடைக்குக் கட்டாயமில்லை. விரும்பி வைத்தால் மகிழ்ச்சி. அச்சடிக்குமுன் வேல்ஷ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். 2008-ல் ஸ்வான்சீ கவுன்சிலுக்கு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வேல்ஷில் வந்த தானியங்கி மின்னஞ்சலே, மொழிபெயர்ப்பு என்று நினைக்கப்பட்டு, சாலைப் பலகையில் ஏறிவிட்டது: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை."