ஒரே கப்பலா, இரண்டு கப்பலா?

வணக்கம் ஐயா,

எங்கள் கொள்ளுத்தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் டாலி கிராணியாக, அதாவது ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் எழுத்தராக, இருந்தவர். அவருடைய தகரப்பெட்டியில் இரண்டு சரக்குச் சீட்டுகள் கிடைத்தன. ஒன்று 1898-ஆம் ஆண்டு, மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியின் பெயர் அச்சிட்டது. மற்றது 1901, பேன் மேயர் கம்பெனியுடையது. இரண்டிலும் கப்பலின் பெயர் ஒன்றுதான் (பெயரைத் தனியாக எழுதியிருக்கிறேன், வெளியிட வேண்டாம்). குடும்பத்தில் ஒரு சாரார் தாத்தா இங்கிலீஷ்காரன் கப்பலில் வேலை பார்த்தார் என்கிறார்கள், இன்னொரு சாரார் ஜெர்மன்காரன் கப்பல் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் அதே பெயரில் மூன்று கப்பல்கள் வருகின்றன. டன் கணக்கும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இது ஒரே கப்பலா? அதன் முதலாளி யார்? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ம., தோ பாயோ

அன்புள்ள ம. அவர்களுக்கு,

பெரும்பாலும் ஒரே கப்பல்தான். வீட்டில் இரு சாரார் சொல்வதும் சரியாக இருக்க நிறைய இடமுண்டு. உங்கள் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே 1899 இருக்கிறது. சிங்கப்பூரை மையமாக வைத்து ஓடிய சிறு சரக்குக் கப்பல்களில் பல அந்த ஆண்டில் கொடி மாறின.

லிவர்பூலில் ஆல்ஃபிரட் ஹோல்ட்டும் அவர் தம்பி ஃபிலிப்பும் 1865-இல் தொடங்கியது ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனி. நீலப் புகைபோக்கியை வைத்து இங்கே எல்லோரும் அதை புளூ ஃபன்னல் என்றார்கள். 1866-இல் புறப்பட்ட அவர்களுடைய ‘அகமெம்னான்’ சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு நீராவி அழுத்தத்தில் ஓடும் கூட்டு எஞ்சின் (ஒரே நீராவியை இரண்டு கட்டமாகப் பயன்படுத்துவது) கொண்டது. நாளுக்கு ஏறக்குறைய 20 டன் கரிதான் தின்றது. அதனால் லிவர்பூலிலிருந்து மொரீஷியஸ் வரை 8,500 மைலை நடுவில் கரி ஏற்றாமலே கடக்க முடிந்தது. கரிக்கு விட்ட இடம் குறைந்தால் சரக்குக்கு இடம் கூடும். தூரக் கிழக்கு வணிகத்தில் பாய்மரக் கப்பலோடு நீராவிக் கப்பல் போட்டியிட முடிந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

பெரிய கப்பல் சிங்கப்பூரில் நின்றால் போதாது, அதை நிரப்ப சுமத்ராவின் டெலிப் புகையிலையும் பேங்காக் அரிசியும் இங்கே வந்து சேர வேண்டும். அந்த வேலைக்காக ஹோல்ட் தரப்பு தனியாக வைத்திருந்த சிறு கப்பல் கூட்டம்தான் ஈஸ்ட் இந்தியா ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனி. 1899-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துக் கப்பல் கம்பெனியான நார்ட்டாய்ச்சர் லாய்ட் இந்தக் கம்பெனியின் கப்பல்களையும், பேங்காக் வழியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்காட்டிஷ் ஓரியண்டல் கம்பெனியின் கப்பல்களையும் வாங்கிவிட்டது. ஹோல்ட் கப்பல்களுக்கு இங்கே ஏஜெண்ட் மான்ஸ்ஃபீல்ட், நார்ட்டாய்ச்சர் லாய்டுக்கு ஏஜெண்ட் 1840 முதல் சிங்கப்பூரில் இருந்த பேன் மேயர். உங்கள் இரண்டு சீட்டுகளும் இந்தக் கைமாற்றத்தோடு அப்படியே பொருந்துகின்றன. பொருந்துவது வேறு, உறுதியாவது வேறு. உறுதிப்படுத்தும் வழியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ‘முதலாளி’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். தேடுகிறவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு சரக்குக் கப்பலைச் சுற்றி நான்கு தரப்புகள் இருக்கும். பதிவேட்டில் பெயர் உள்ள உரிமையாளர் ஒருவர். கப்பலை நடத்தும் மேனேஜர் இன்னொருவர். குறிப்பிட்ட காலத்துக்கோ பயணத்துக்கோ வாடகைக்கு எடுத்தவர் மூன்றாமவர். துறைமுகத்தில் சரக்கு பிடித்து, தொங்கான் (கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குச் சுமக்கும் படகு) ஏற்பாடு செய்து, சீட்டு அச்சடிக்கும் ஏஜெண்ட் நான்காமவர். சீட்டில் இருப்பது ஏஜெண்டின் பெயர் மட்டுமே. டாலி கிராணிக்குச் சம்பளம் தந்தது ஏஜெண்டோ, சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரரோதான். லிவர்பூலோ பிரெமனோ அவருக்கு நேரடியாகச் சம்பளம் தந்திருக்காது. ஆகவே கப்பல் கம்பெனியின் ஊழியர் ஏடுகளில் தாத்தாவின் பெயர் இல்லையென்றால் மனம் சோர வேண்டாம்.

இனி பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். பிரிட்டிஷ் கொடிக் கப்பல்களுக்கு 1855 முதல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசுப் பதிவு எண் தரப்பட்டது. நிகர டன் கணக்கோடு (இதைக் கீழே விளக்குகிறேன்) அது கப்பலின் முதன்மைக் குறுக்குச் சட்டத்தில் செதுக்கப்பட்டிருக்கும். பெயர் மாறினாலும், முதலாளி மாறினாலும், பதிவுத் துறைமுகம் லிவர்பூலிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தாலும் அந்த எண் மாறாது. ஒரே பெயரில் மூன்று கப்பல்கள் இருந்தால் மூன்றுக்கும் மூன்று எண்கள். எண் கிடைக்கும் இடம், பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட மெர்க்கண்டைல் நேவி லிஸ்ட். கப்பல்களை விவரங்களோடு ஆண்டுதோறும் பட்டியலிட்ட லாய்ட்ஸ் ரிஜிஸ்டர் புத்தகத்திலும் (நார்ட்டாய்ச்சர் லாய்ட் வேறு, இது வேறு) இடது ஓரத்தில் இருக்கும். இரண்டுமே ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லாய்ட்ஸ் ரிஜிஸ்டரில் நீராவிக் கப்பல்களுக்குத் தனிப்பகுதி உண்டு, பாய்மரப் பகுதியில் தேடி நேரத்தை இழக்காதீர்கள்.

லாய்ட்ஸ் ரிஜிஸ்டரின் 1898–99 தொகுதியையும் 1901–02 தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொகுதியும் ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிகிறது. 1899 நடுவில் நடந்த விற்பனை அந்த ஆண்டுத் தொகுதியில் ஏறாமல் போயிருக்கலாம். ஓர் ஆண்டு பின்தங்கி வந்தால் அதை முரண் என்று நினைக்க வேண்டாம். கொடி ஜெர்மனிக்கு மாறியதும் பிரிட்டிஷ் பதிவு எண் செத்துவிடும், கடலில் கப்பலை அடையாளம் சொல்லும் சமிக்ஞை எழுத்துகளும் மாறிவிடும். அந்த இடத்தில் கப்பலை அடையாளம் காட்டுவது லாய்ட்ஸ் ரிஜிஸ்டரில் எஞ்சினை விவரிக்கும் வரிதான்.

அந்த வரியைப் படிக்கும் முறை இது. தொடக்கத்தில் சி (C) என்ற எழுத்து இருந்தால் கூட்டு எஞ்சின், டி (T) என்றால் நீராவியை மூன்று கட்டமாகப் பயன்படுத்தும் மும்மடி விரிவு எஞ்சின். அடுத்து சிலிண்டர்களின் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் அங்குலத்தில் வரும், சிறியது முதலில். கோட்டுக்குப் பின் வரும் கடைசி எண் பிஸ்டன் ஓடும் நீளம். அதன் பிறகு பாய்லர் அழுத்தம் பவுண்டில், பெயரளவுக் குதிரைத் திறன், எஞ்சின் செய்த பட்டறை. சிலிண்டர் விட்டமும் கப்பலின் நீள அகல ஆழமும் கட்டிய இடமும் இரண்டு தொகுதியிலும் ஒன்றாக இருந்தால் ஒரே கப்பல்தான். எஞ்சின் வரி கப்பலின் கைரேகை. அழுத்தம் மட்டும் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம். புதிய பாய்லர் போட்டிருப்பார்கள், ‘என்.பி.’ (N.B.) என்ற குறிப்பும் ஆண்டும் பக்கத்தில் இருக்கும். உப்புநீர்ப் படிவும் துருவும் பாய்லரை எஞ்சினுக்கு முன்பே தின்றுவிடும், எஞ்சின் அதைவிட நெடுநாள் உழைக்கும். 1881-இல் ‘அபெர்டீன்’ கப்பலோடு மும்மடி எஞ்சின் நிலைபெற்ற பிறகும் ஹோல்ட் தரப்பு கூட்டு எஞ்சினை எளிதில் விடவில்லை. ஆகவே உங்கள் கப்பலுக்கு சி என்று வந்தால் வியப்பில்லை.

டன் கணக்குக்கு வருகிறேன். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. பதிவு டன் எடை அல்ல, கொள்ளளவு. 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர், ஒரு டன். கப்பலின் மூடிய இடம் முழுவதையும் அளந்தால் மொத்த டன். அதில் எஞ்சின் அறை, மாலுமிகளின் இடம் முதலியவற்றைக் கழித்தால் நிகர டன். துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் நிகர டன் மீது என்பதால் அதைக் குறைத்துக் காட்டுவதில் முதலாளிக்கு லாபம். பிரிட்டிஷ் விதிப்படி, திருகு விசிறிக் கப்பலின் எஞ்சின் இடம் மொத்த அளவில் 13 சதவீதத்துக்கு மேலும் 20-க்குக் கீழும் இருந்தால், மொத்தத்தில் 32 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். 700 மொத்த டன் கப்பலில் எஞ்சின் அறை 91 டன்னைத் தாண்டிவிட்டால் கழிவு 224 டன். 90 டன்னில் நின்றுவிட்டால் இந்தக் கழிவு கிடையாது. ஆகவே எஞ்சின் அறையை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வரும்படிதான் வரைவார்கள்.

இவை தவிர சுமை டன் என்று ஒன்று உண்டு. கரி, தண்ணீர், சரக்கு எல்லாம் சேர்த்துக் கப்பல் தாங்கும் உண்மையான எடை அது. இந்த மூன்றையும் கலந்துவிட்டால் ஒரே கப்பல் மூன்று கப்பலாகத் தெரியும். அந்நாளைய நாளிதழ் வருகைப் பட்டியலில் வருவது பெரும்பாலும் நிகர டன், கப்பல் பட்டியல் தளங்களில் வருவது மொத்த டன். கொடி மாறியபோது மறு அளவை எடுத்திருந்தால் நிகர எண் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

டன் விதி எவ்வளவு தூரம் கப்பலின் உருவத்தையே தீர்மானித்தது என்பதற்கு சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1890-இல் தியோடர் போகார்ட், டான் ஜியாக் கிம், டான் கியோங் சாய்க், லீ செங் யான் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனி, பிற்காலத்தில் 75 நிகர டன்னுக்குள் அடங்கும்படி ஒரு கூட்டம் சிறு கப்பல்களைக் கட்டிவைத்திருந்தது. அந்த வரம்புக்குள் இருந்தால் உள்ளூர்ச் சான்றிதழ் பெற்றவரே கப்பலை நடத்தலாம், மேல்நிலை அதிகாரிகளுக்குத் தரும் சம்பளம் மிச்சம். அந்தக் கம்பெனியும் பின்னாளில் ஹோல்ட்–மான்ஸ்ஃபீல்ட் வட்டத்துக்குள் வந்தது. 1983-இல் கெப்பல் அதை வாங்கியது. கப்பல் போய் நிலமும் கட்டடமும் மிஞ்சிப் பின்னர் கெப்பல் லேண்ட் ஆனது. காலியர் கீயில் ஓஷன் ஃபைனான்ஷியல் சென்டர் நிற்கும் இடம்தான் பழைய ஓஷன் பில்டிங் இருந்த இடம்.

உரிமை மாற்றத்தின் நேரடிச் சான்று பதிவேட்டுப் பக்கம். பிரிட்டிஷ் சட்டத்தில் ஒவ்வொரு கப்பலும் 64 பங்கு. யாரிடம் எத்தனை, எந்தத் தேதியில் விற்பனைப் பத்திரம், யாரிடம் அடமானம் என்று எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். பதிவை மூடும்போது காரணமும் எழுதுவார்கள்: உடைக்கப்பட்டது, மூழ்கியது, அந்நியருக்கு விற்கப்பட்டது. உங்களுக்கு வேண்டிய வரி மூன்றாவது. பதிவேடுகளின் பிரதிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிடி (BT) 108, பிடி (BT) 110 என்ற வரிசைகளில் இருக்கின்றன. கேட்கும்போது கப்பல் பெயரோடு பதிவு எண், பதிவுத் துறைமுகம், பதிவு மூடிய ஆண்டு ஆகியவற்றையும் கொடுங்கள். ஒரு விஷயம்: ஓஷன் ஸ்டீம் ஷிப் கம்பெனி 1902 வரை லிமிடெட் கம்பெனி ஆகவில்லை. அதனால் சில பட்டியல்களில் கம்பெனியின் பெயர் இல்லாமல் ஹோல்ட் என்ற தனிமனிதர் பெயரே உரிமையாளராகவோ மேனேஜராகவோ வரும். கம்பெனிப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் தப்பிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், பணச்செலவு இல்லாமல் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடுவது. 1898 முதல் 1901 வரை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் இரண்டிலும் வருகைப் பத்தியைப் பாருங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் கொடி, டன், கேப்டன், எங்கிருந்து வந்தது, யார் பேருக்குச் சரக்கு என்று ஒரே வரியில் இருக்கும். பிரிட்டிஷ் என்பதன் சுருக்கம் எந்த வாரத்தில் ஜெர்மன் என்பதன் சுருக்கமாக மாறுகிறது, அதே வாரத்தில் மான்ஸ்ஃபீல்ட் போய் பேன் மேயர் வருகிறதா என்று பார்த்தால் கைமாறிய காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பொடி எழுத்துப் பத்திகளைக் கணினி தப்பாகப் படித்திருக்கும். கப்பல் பெயரை நாலைந்து எழுத்துப் பிழைகளோடு தேடுங்கள். அதுவும் வராவிட்டால், சீட்டில் உள்ள தேதிக்கு முன்பின் மூன்று நாள் இதழ்களைத் திறந்து கண்ணால் படிப்பதே நம்பகமான வழி.

மாலுமிப் பட்டியல்கள் டாலி கிராணிக்குத் தேவைப்படாது. உறவினர் யாராவது கப்பலிலேயே வேலை பார்த்திருந்தால், 1863 முதல் 1938 வரையிலான பிரிட்டிஷ் கப்பல்களின் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 5-இல் முடியும் ஆண்டுகள் பெரும்பாலும் கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில். அங்கும் பதிவு எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டும். 1899-க்குப் பின் ஜெர்மன் கொடியில் ஓடிய காலத்துக்கு இவை எதிலும் ஒன்றும் கிடைக்காது.

கப்பலின் கடைசிக் காலம் தெரிய வேண்டுமானால் 1914-க்கு வாருங்கள். போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் அகப்பட்ட ஜெர்மன் கப்பல்கள் பறிமுதலாயின. டச்சு இந்தியாவுக்குள் (இன்றைய இந்தோனேசியா) புகுந்தவை அங்கேயே முடங்கின. பேங்காக்கில் கட்டிக் கிடந்தவற்றை 1917 ஜூலை 22 அன்று போர் அறிவித்ததும் சயாம் (இன்றைய தாய்லாந்து) எடுத்துக்கொண்டது. பறிமுதலான கப்பல்களுக்குப் பெயர் மாற்றுவது வழக்கம். ஆகவே 1914-க்குப் பின் பழைய பெயரில் தேடாமல், எஞ்சின் வரியையும் கட்டிய ஆண்டையும் வைத்துத் தேடுங்கள். லாய்ட்ஸ் ரிஜிஸ்டரில் புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். பேன் மேயரின் சிங்கப்பூர்க் கிளையும் அந்தப் போரில் எதிரிச் சொத்தாகக் கலைக்கப்பட்டது. 1901 சீட்டு உங்களிடம் தங்கியது அரிது.

அந்தச் சீட்டுகளை லேமினேட் செய்ய வேண்டாம். சூடும் பசையும் பழைய மையைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. அமிலமற்ற தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ தட்டையாக வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் எண்கள் இருந்தால் அவை தொங்கான் எண்களா, மூட்டைக் கணக்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.