டர்போ இன்ஜினுக்கு வேறு கேம்ஷாஃப்ட்: மாட்டும் முன் அளக்க வேண்டியவை

கேள்வி: என் கார் 2 லிட்டர், 4 சிலிண்டர், 16 வால்வு டர்போ. டர்போ கம்பெனியில் வந்ததேதான். டர்போ இல்லாத நண்பரின் காரில் 280 டிகிரி கேம் போட்ட பிறகு இழுவை பிரமாதமாக இருக்கிறது. நானும் அதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேமின் டிகிரி என்பது, கிராங்க் எத்தனை டிகிரி சுழலும்வரை அது வால்வைத் திறந்து வைக்கிறது என்ற கணக்கு. காற்று வரும் இன்டேக் வால்வும் புகை போகும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை ஓவர்லாப் என்கிறோம். டிகிரி கூடினால் இதுவும் கூடும். நண்பரின் இன்ஜினில் அது நல்லது செய்கிறது. வெளியேறும் புகை போகிற வேகத்தில் புதுக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். உங்கள் இன்ஜினில் புகை போகும் வழியில் டர்போவைச் சுழற்றும் டர்பைன் இருக்கிறது. கம்பெனி டர்போ சிறியது என்பதால் ஆர்பிஎம் ஏற ஏற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அழுத்தம் பூஸ்ட்டையே, அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தையே, தாண்டிவிடும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் திறந்திருந்தால் எரிந்த புகை சிலிண்டருக்குள் திரும்பி வரும். புதுக்காற்றுக்கு இடம் குறையும், சூடு ஏறும், பெட்ரோல் தானாகவே வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். போதாததற்கு நீண்ட கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், குறைந்த ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலே வரும்போது காற்று வந்த வழியே திரும்பும். டர்போ எழும்புவதும் தாமதமாகும்.

உங்கள் டர்போவுக்கு 256 முதல் 264 டிகிரி வரை போதும். பெரிய டர்போ வைக்கும்போது 272-ஐ யோசிக்கலாம். வாங்கும் முன் அந்த டிகிரி எத்தனை மி.மீ. லிஃப்டில் (வால்வு திறக்கும் உயரத்தில்) அளந்தது என்று கேளுங்கள். ஒரே கேமை 1 மி.மீ. லிஃப்டில் அளந்தால் 40 டிகிரி வரைகூட குறைத்துக் காட்டும். இந்த விவரம் தெரியாமல் இரண்டு கேம்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின் என்றால் பெட்ரோல் பம்பைத் தள்ளும் லோப் (கேமின் புடைப்பு), கேம் சென்சார் படிக்கும் பல், பின்முனையில் வேக்குவம் பம்புக்கான வெட்டு மூன்றும் பழையதைப் போலவே இருக்கின்றனவா என்று இரண்டு கேம்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: வால்வு ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் மாற்றச் சொல்கிறார்களே, அவசியமா?

பதில்: அளந்து பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கை வைஸில் முழுக்க அழுத்தி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 25.8 மி.மீ., ஹெட்டில் மாட்டிய உயரம் 37 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய கேமின் லிஃப்ட் 9.5 என்றால் முழுத் திறப்பில் ஸ்பிரிங் 27.5-இல் நிற்கும், 1.7 மி.மீ. மிச்சம். புதிய கேம் 10.5 என்றால் மிச்சம் 0.7 மட்டுமே. குறைந்தது 1 மி.மீ. இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் சுருள் இடித்து ஸ்பிரிங் உடையும், லோப்பும் தேயும். முழு லிஃப்டில் ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரீட்டெய்னருக்கும் வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ஸ்டெம் சீலுக்கும் நடுவே 1.5 மி.மீ. இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு சீல் நசுங்கி நீலப்புகை வந்ததும் டர்போமேல் பழி போடுகிறார்கள்.

டர்போவில் இன்னொரு கணக்கும் உண்டு. 34 மி.மீ. இன்டேக் வால்வின் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. 1.5 பார் பூஸ்ட் அதன் முதுகில் கிட்டத்தட்ட 14 கிலோ விசையோடு திறக்கத் தள்ளுகிறது. சீட்டில் 25 கிலோ விசை தரும் ஸ்பிரிங்கில், சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்திருக்கும் நேரங்களில் கையில் மிஞ்சுவது 11 கிலோதான். மூடும் வால்வு சீட்டில் பட்டுத் துள்ளும். அதிக ஆர்பிஎம்மில் இன்ஜின் தடுமாறுவதை இக்னிஷன் கோளாறு என்று நினைத்துப் பிளக்கும் காயிலும் மாற்றுவோர் உண்டு. கேம் செய்தவரே பரிந்துரைக்கும் ஸ்பிரிங், ரீட்டெய்னர் செட்டையே போடுங்கள்.

கேள்வி: வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று ஹெட்டைக் கழற்றாமல் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, கையால் அழுத்தினாலே அமுங்கும் மெல்லிய ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அந்தப் பிஸ்டன் மேலே இருக்கட்டும், வால்வு உள்ளே விழாது. கிராங்கில் டிகிரி வீல், ரீட்டெய்னர்மேல் டயல் கேஜ். ஓவர்லாப் நடக்கும் இடத்தில், பிஸ்டன் உச்சிக்கு 20 டிகிரி முன்னிருந்து 20 டிகிரி பின்வரை, 2 டிகிரிக்கு ஒரு முறை நிறுத்தி வால்வை விரலால் பிஸ்டனைத் தொடும்வரை அழுத்துங்கள். கேஜ் முள் நகரும் தூரம்தான் இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் 10 டிகிரி பின்பும் பிஸ்டனை மிக நெருங்கும்.

இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. குறைந்தபட்சம். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும். அதோடு வேகத்தில் ஸ்பிரிங் பின்தங்கினால், மேலேறும் பிஸ்டன் துரத்திப் பிடிப்பது அதைத்தான். அதனால்தான் அரை மி.மீ. கூடுதல்.

இன்டேக் கேமுக்கு ஓடும்போதே மாறும் டைமிங் இருந்தால் அதை முழு அட்வான்ஸில் (வால்வு மிக முன்பே திறக்கும் நிலையில்) பூட்டி வைத்து அளக்க வேண்டும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் டேப்பெட் ஹைட்ராலிக் வகை என்றால், அளக்கும்போதே அமுங்கிப் பொய் சொல்லும். அதற்குப் பதில் அமுங்காத டேப்பெட் ஒன்றை வைத்து அளங்கள்.

கேள்வி: ஷிம் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஷிம் என்பது கேமுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்யும் தகடு. பழைய ஷிம்மின் தடிமனோடு, ஃபீலர் கேஜில் அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். பழைய ஷிம் 2.70, அளந்தது 0.38, வேண்டியது 0.20 என்றால் புதிய ஷிம் 2.88. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வேண்டிய இடைவெளியைக் கேமோடு வரும் தாளில் பாருங்கள், கார் புத்தகத்தில் உள்ளது பழைய கேமுக்கானது.

கேள்வி: மாட்டும் நாளில் எதில் கவனம் வேண்டும்? உடனே ஓட்டலாமா?

பதில்: புதிய கேமை வைக்கும் முன் கிராங்கைப் பின்னோக்கித் திருப்பி, எல்லாப் பிஸ்டனும் சிலிண்டரின் நடுவில் நிற்கும்படி வையுங்கள். கேமை மேலிருந்து பிடிக்கும் கேப்கள் ஹெட்டோடு சேர்த்துத் துளையிட்டவை, இடமோ திசையோ மாறினால் கேம் இறுகிவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அரைச் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் கேமே முறியும். ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் கேம் ஏற்றியபின் 30 நிமிடம் எதையும் திருப்பாதீர்கள், டேப்பெட் அமுங்க அந்த நேரம் தேவை.

பெல்ட் மாட்டியதும் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது கெட்டியாக நின்றால் அழுத்தாதீர்கள், அது வால்வு பிஸ்டனைத் தொட்ட இடம். மார்க்குகளை மீண்டும் சரிபாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃப் அடியுங்கள். லோப் நேரடியாக டேப்பெட்டில் உரசும் வகையானால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000–2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடட்டும், பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ரோலர் இருந்தால் இது தேவையில்லை.

பூஸ்ட் எழும் அளவுக்கு மட்டும் இப்போது ஓட்டாதீர்கள். ஓவர்லாப் கூடியதால் ஐடிலில் வேக்குவம் குறைந்திருக்கும். இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பும் இசியு (இன்ஜினின் கணினி) அதைச் சுமை என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும். அதிக ஆர்பிஎம்மில் காற்று கூடுகிற இடத்திலோ பழைய அளவு பெட்ரோல் போதாமல் போகும். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்து டியூன் முடியும்வரை ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டாம்.