சுருங்கிய கட்டி ஏன் மீண்டும் வளர்கிறது?

கேள்வி: என் தந்தைக்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு ஆகிய மருந்துகளைச் செலுத்தியதும் கட்டி வெகுவாகச் சுருங்கியது. சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிட்டது. இனி அதே மருந்து பலிக்குமா என்பது சந்தேகம் என்கிறார் மருத்துவர். அவருடைய உடல் மருந்துக்குப் பழகிவிட்டதா? அளவைக் கூட்டிக் கொடுத்தால் என்ன? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் தந்தையின் உடல் பழகிவிடவில்லை. மாறியிருப்பவை புற்றுச் செல்கள்தாம்; அந்த மாற்றத்திற்கு அவருடைய உணவோ, நீங்கள் கவனித்துக்கொண்ட விதமோ எவ்வகையிலும் காரணமில்லை. ஒரு கட்டியிலுள்ள கோடிக்கணக்கான செல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்தைத் தாங்கவல்ல சில செல்கள் தொடக்கத்திலேயே அவற்றுக்கிடையே இருக்கக்கூடும். மற்றவை மடிந்தபின் எஞ்சிய அவையே பெருகுகின்றன. சிகிச்சைக் காலத்தில் புதிதாக அத்தன்மையைப் பெறும் செல்களும் உண்டு.

சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினம், டிஎன்ஏவுடன் பிணைந்து அதன் இழைகளில் முடிச்சுப் போட்டுவிடுவதால், செல்லால் டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாமல் போகிறது. தாக்குப்பிடிக்கும் செல்களோ மருந்து உள்ளே நுழைவதைக் குறைக்கின்றன. நுழைந்ததைக் குளூட்டாதயோன் என்னும் பொருளோடு சேர்த்துச் செயலிழக்கச் செய்கின்றன. அதையும் மீறி விழுந்த முடிச்சுகளை, இஆர்சிசி1 போன்ற புரதங்களைக் கொண்டு வெட்டியெடுத்து டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்கின்றன. சிறுசெல் வகையில் எஸ்எல்எஃப்என்11 என்னும் மரபணு அடங்கிப்போவதும் முக்கியமான காரணம். டிஎன்ஏ சேதமடைந்த செல்லைச் சாவை நோக்கித் தள்ளுவது அந்த மரபணுதான்.

எட்டோபோசைடை வெளியேற்றும் வழி வேறு. 1976-இல் ஜூலியானோ, லிங் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்த பி-கிளைக்கோபுரதம், செல்லின் உறையில் அமர்ந்து அம்மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. (சிஸ்பிளாட்டினை அது இறைப்பதில்லை, எல்லா மருந்தெதிர்ப்புக்கும் இந்த ஒரு புரதமே காரணம் என்று பலர் எழுதுவது சரியன்று.) அதை அடைக்கும் மருந்துகள் ஆய்வகத்தில் நம்பிக்கை அளித்தும் நோயாளிகளிடம் பெரும் பலன் தரவில்லை. குடலிலும் கல்லீரலிலும் மூளையின் இரத்தக்குழாய்களிலும் அதே புரதம் நம்மைக் காத்துவருகிறது; அதை அடைத்தால் அந்தக் காப்பும் குறையும் என்பது அதற்கு ஒரு காரணம்.

அளவைக் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்ப்புப் பெற்ற செல்லை அழிக்கத் தேவைப்படும் அளவை எட்டுவதற்கு முன்பே சிறுநீரகமும் உட்செவியும் எலும்பு மஜ்ஜையும் கெட்டுவிடும்.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, கடைசித் தவணை முடிந்து எத்தனை மாதங்களுக்குப் பின் நோய் திரும்பியது என்பதே. ஆறு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தால் பிளாட்டினம் மருந்தையே மீண்டும் கொடுத்துப் பார்ப்பதுண்டு. மூன்று மாதங்களுக்குள் திரும்பியிருந்தால் அதற்குப் பலன் குறைவு. அப்போது டோப்போடீகான், லுர்பினெக்டிடின் போன்றவற்றைக் கருதுவார்கள். 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டார்லாடமாப், டிஎன்ஏவைத் தாக்குவதில்லை. புற்றுச் செல்லின் மேலுள்ள டிஎல்எல்3 புரதத்தையும் நோயெதிர்ப்பு டி-செல்லையும் ஒருசேரப் பற்றி அருகருகே கொண்டுவருகிறது. ஆகவே, மேலே சொன்ன தற்காப்புகள் பெரும்பாலும் அதன்முன் செல்லுபடியாவதில்லை. உங்கள் தந்தையின் உடல்நிலை அதற்கு இடம் தருமா, அம்மருந்து உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.