பேரைப் பார்த்ததும் "வீடு போயிடுச்சு" என்கிறார்கள்

கேள்வி: அக்கா, என் மகன் ஜெர்மனியில் இஞ்சினியர் வேலையில் இருக்கிறான். வாடகை வீட்டுக்கு மெயில் போட்டால் "வீடு போயிடுச்சு" என்று பதில் வருகிறது, ஆனால் அதே விளம்பரம் மறுநாளும் அப்படியே இருக்கிறது. ஐரோப்பாவில் சட்டம் கடுமை என்கிறார்களே, அது நம் பிள்ளைகளுக்கும் செல்லுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செல்லும் அம்மா. இனத்தைப் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000இலேயே உத்தரவு போட்டது. வேலை, படிப்பு, வாடகை வீடு எல்லாமே அதில் அடங்கும், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. ஜெர்மனி அதை 2006இல் தன் சட்டமாக்கியது. ஆனால் "உங்கள் விசா சீக்கிரம் முடிகிறது" என்று மறுப்பது வேறு, பேரைப் பார்த்து மறுப்பது வேறு. சட்டம் பிடிப்பது இரண்டாவதைத்தான்.

இன்றைக்கு ராத்திரியே போன் போட்டு அவனிடம் சொல்லுங்கள். மறுத்து வந்த மெயிலையும் மறுநாள் விளம்பரத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். அப்புறம் ஜெர்மன் பேர் உள்ள கூட்டாளி ஒருவர், அதே மாதிரி வேலை, அதே மாதிரி சம்பளம் என்று எழுதி அதே வீட்டைக் கேட்கட்டும். அவரை மட்டும் வீடு பார்க்கக் கூப்பிட்டால் அது வலுவான சாட்சி. ஹாம்பர்க்கில் துருக்கிப் பேர் கொண்ட ஒரு பெண் இப்படித்தான் சோதித்துப் பார்த்து 2017இல் நஷ்டஈடு வாங்கினார். இவ்வளவு காட்டிவிட்டால் போதும், "நான் இனம் பார்க்கவில்லை" என்று நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பாகிவிடும். ஒருவர் மனசுக்குள் இருந்ததை வெளியே இருப்பவன் எப்படி நிரூபிப்பான், அதனால்தான் சட்டத்தை இப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு மாதத்துக்குள் நஷ்டஈடு கேட்டாக வேண்டும், எழுத்து மூலம் கேட்பது நல்லது. பெர்லினில் பாகுபாட்டு எதிர்ப்புக்கென்றே அரசு அலுவலகம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு இல்லை.

கேள்வி: ஒரு ஆளை ஒதுக்கினால் சரி, கேஸ் போடலாம். ஒரு குடியிருப்பையே ஒதுக்கினால்?
- ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: ஐயா, பல்கேரியாவில் துப்னித்சா என்ற ஊரில் அதுதான் நடந்தது. ஐரோப்பாவில் காலங்காலமாக ஒதுக்கப்பட்டு வரும் சிறுபான்மை இனமான ரோமா மக்கள் அதிகம் வாழும் பேட்டையில் மட்டும் கரண்ட் மீட்டரை ஆறேழு மீட்டர் உயரத்தில் கம்பத்தில் மாட்டினார்கள், மற்ற இடங்களில் 1.70 மீட்டர். மீட்டரில் கை வைக்கிறார்கள், திருடுகிறார்கள் என்பது மின்சாரக் கம்பெனி சொன்ன காரணம். நம் தோட்டத்து லயத்துக் கூரைக்கும் மேலே, கண்ணால் படிக்கவே முடியாதபடி மாட்டிவிட்டு, வந்த பில்லை அப்படியே கட்டு என்றால் எப்படி இருக்கும்? அங்கே கடை வைத்திருந்த ஒரு பெண் வழக்குப் போட்டார், அவர் ரோமா இனத்தவரே இல்லை. அந்த மக்களோடு சேர்ந்து அதே கெடுதலை அனுபவிப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஒரு சிலர் திருடியிருந்தாலும் பேட்டையையே திருடர்கள் மாதிரி நடத்துவது மக்களை அவமானப்படுத்துவது என்றும் சுட்டிக்காட்டியது. இதைப் படித்தபோது என் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி பத்து மணி ஆனால் லயத்துக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், மேட்டில் துரை பங்களாவில் மட்டும் விளக்கு எரியும். அதைக் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

கேள்வி: அதெல்லாம் அங்கே. நம் மலேசியாவில் "இன்ன இனத்தவருக்கு மட்டும்" என்று வாடகை விளம்பரம் போடுகிறார்களே, புகார் செய்ய முடியாதா?
- கல்லூரி மாணவி

பதில்: இனம், மதம், வம்சாவளி, பிறந்த இடம், பால் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று நம் அரசமைப்பின் 8ஆம் பிரிவு சொல்கிறது தங்கச்சி, ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை, வீட்டுக்காரரை இல்லை. வாடகைக்கு ஐரோப்பாவில் இருப்பது மாதிரி ஒரு சட்டம் இங்கே இன்னும் வரவில்லை, வரவேண்டும் என்று நான் மேடை கிடைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலையிடத்தில் மட்டும் 2023 ஜனவரியிலிருந்து ஒரு வழி திறந்திருக்கிறது. வேலையில் இருப்பவர் பாகுபாடு என்று ஆள்பல இலாகாவில் புகார் கொடுத்தால் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம், அதை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். உன் வீட்டில் யாருக்காவது அந்த நிலைமை என்றால் சம்பளச் சீட்டையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்.