கேள்வி பதில்: கொடிய கிருமிகளை வைத்திருக்கும் லேப்கள்

மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். கிருமி லேப்களின் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): பி.எஸ்.எல்.-4 லேபிலிருந்து கிருமி எப்படி சார் வெளியே வரும்?

பதில்: பி.எஸ்.எல்.-4 என்றால் மிகக் கொடிய கிருமிகளைக் கையாளும், உச்சகட்டப் பாதுகாப்புள்ள லேப். சுவரைத் துளைத்துக்கொண்டு வராதம்மா. உள்ளே காற்றழுத்தம் குறைவு. கதவைத் திறந்தாலும் காற்று உள்ளேதான் போகும். வெளியேறும் காற்றுக்குக் கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா ஃபில்டர் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் கிருமி வெளியே வருகிறதென்றால், பெரும்பாலும் வேலை செய்பவர் உடம்பில் வரும், இல்லையென்றால் ‘செத்துவிட்டது’ என்று நம்பிய சாம்பிளில் வரும். 2004-ல் பெய்ஜிங்கில் அப்படித்தான் ஆனது. சரியாகச் செயலிழக்காத, சார்ஸ் என்ற நுரையீரல் நோயின் வைரஸை சாதாரண லேபில் வைத்து வேலை பார்த்தார்கள். 9 பேருக்கு நோய் வந்தது. இறந்தவர் லேப் ஆளே இல்லை, அங்கே வேலை பார்த்த மாணவியின் தாய். மகளைக் கவனித்துக்கொள்ளப் போய் நோயை வாங்கிக்கொண்டார்.

கேள்வி: நடந்ததிலேயே மோசமானது எது?

பதில்: ரஷ்யாவின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் நடந்ததைத்தான் நான் சொல்வேன். 1979 ஏப்ரலில் சோவியத் ராணுவக் கூடம் ஒன்றிலிருந்து, கால்நடைகளையும் மனிதரையும் கொல்லும் ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கலந்தது. குறைந்தது 66 பேர் செத்தார்கள். அடைத்துக்கொண்ட ஃபில்டரைக் கழற்றியவர்கள் புதியதை மாட்டவில்லை, அதைப் பதிவேட்டில் எழுதவும் இல்லை, அடுத்த ஷிப்ட் இயந்திரத்தை ஓட்டிவிட்டது என்று சோவியத் கிருமி ஆயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்த கென் அலிபெக் பிற்பாடு எழுதினார். அரசோ கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று சாதித்தது. 1992-ல் ரஷ்ய அதிபர் யெல்த்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். அமெரிக்க விஞ்ஞானி மேத்யூ மெசல்சனின் குழு அங்கே போய், செத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், பகலில் எங்கே வேலை பார்த்தார்கள் என்று வரைபடத்தில் குறித்தது. அநேகமாக எல்லாப் புள்ளிகளும் அந்தக் கூடத்திலிருந்து தெற்கே சுமார் 4 கிலோமீட்டருக்குள், ஒரு குறுகிய பட்டையில் விழுந்தன. ஏப்ரல் 2 அன்று காற்று வீசிய திசையும் அதுவே. அதே கோட்டில் 50 கிலோமீட்டர் தள்ளியும் கால்நடைகள் செத்திருந்தன. இறைச்சியால் வந்த நோய் காற்றடிக்கும் பக்கமாகவா போகும்?

கேள்வி: பெரியம்மைதான் ஒழிந்துவிட்டதே, வைரஸை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

பதில்: மருந்து, தடுப்பூசி ஆராய்ச்சிக்கு என்கிறார்கள். அனுமதி பெற்ற இடம் இரண்டுதான்: அமெரிக்காவின் அட்லாண்டா, ரஷ்யாவின் கோல்த்சோவோ. ஆனால் 2014-ல் வாஷிங்டன் பக்கத்தில் பெத்தெஸ்டாவில், ஒரு குளிர் அறையில் 1950-களின் பெரியம்மைக் குப்பிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பெரியம்மையால் கடைசியாக இறந்த ஜேனட் பார்க்கருக்கும் இயற்கையாக நோய் வரவில்லை. 1978-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், பெரியம்மை லேபுக்கு மேல்தளத்தில் வேலை பார்த்த புகைப்படக்காரர் அவர். வைரஸ் எந்த வழியாக அவரிடம் போனது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. என்னைக் கேட்டால், இருப்பதை அழித்துவிடலாம்.

கேள்வி: யாராவது திருடிக்கொண்டு போனால்?

பதில்: வெளியாளைப் பூட்டும் கேமராவும் தடுக்கும், உள்ளாளை என்ன செய்வது? 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் அடைத்த கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். ராணுவ ஆய்வகத்தின் ஆந்த்ராக்ஸ் ஆராய்ச்சியாளர் ஒருவரே அனுப்பினார் என்று எஃப்.பி.ஐ. முடிவுகட்டியது. வழக்கு போடும் முன்பே அவர் தற்கொலை செய்துகொண்டதால், அது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை.

கேள்வி: கோவிட் வுஹான் லேபிலிருந்து வந்ததுதானே?

பதில்: தீர்க்கமான ஆதாரம் எந்தப் பக்கமும் இல்லை. சார்ஸ் ஒருமுறை கசிந்தது என்பதற்காக இதுவும் கசிந்ததாக ஆகிவிடாது.

கேள்வி (லேப் டெக்னீஷியன்): போன வாரம் ஊசி கையுறையைக் கிழித்து விரலில் குத்திவிட்டது. “வெளியே சொல்லாதே, விசாரணை வரும்” என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்யட்டும்?

பதில்: வரட்டுமே! 2004-ல் கோல்த்சோவோவில் எபோலா ஊசி கையில் குத்தி ஒரு ஆராய்ச்சியாளர் இறந்தே போனார் தம்பி, இது மறைக்கிற விஷயமில்லை. குத்தியதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள், சரி. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், சாம்பிளில் என்ன கிருமி இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். அப்புறம் நடந்ததைத் தேதி போட்டு எழுதி பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்துடன் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் மறுபடி டாக்டரிடம் போகும்போது அந்த நகலும் கையில் இருக்கட்டும்.