குவாண்டம் தற்செயல் சுயவிருப்பத்தைத் தருமா?

குவாண்டம் பௌதிகம் சொல்லும் அணு உலகில் தற்செயல் இருப்பதால் நம் விருப்பமும் சுதந்திரமானதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஆகாது என்றே நினைக்கிறேன்.

ஒரு ரேடியம் அணு எந்த நொடியில் சிதையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சரி, அந்தத் தற்செயல் உண்மை என்றே வைப்போம்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நிற்கிறீர்கள். கல்முனையில் பெரியம்மாவுக்குச் சுகமில்லை. அவவைப் பார்க்க கல்முனை பஸ்ஸில் ஏறுகிறீர்கள். அந்த முடிவுக்குப் பின்னால் உங்கள் பாசம் இருக்கிறது, அதனால்தான் அது உங்களுடையது. மூளையில் ஓர் இலத்திரன் காரணமில்லாமல் தடம் மாறி, கால் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிவிட்டால் அதை உங்கள் விருப்பம் என்பீர்களா? அது உங்களுக்கு நேர்ந்த ஒன்று, நீங்கள் செய்ததல்ல.

அணுவின் தற்செயல் மூளையின் முடிவுகள் வரை எட்டுமா என்பதிலும் சர்ச்சை உண்டு. மூளையின் சூட்டில் குவாண்டம் மேற்பொருந்தல் நிலைகள் (ஒரு துகள் ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருப்பது), நரம்பு இயங்கும் வேகத்துக்கு வெகு முன்பே குலைந்துவிடும் என்று பௌதிகவியலாளர் மக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்கிட்டார். கணித, பௌதிக அறிஞர் ரோஜர் பென்றோஸின் கருத்து வேறு. மூளையில் குவாண்டத்துக்குப் பங்கு உண்டு என்பது அவர் வாதம்.