ஸ்காட்லாந்தில் கடல் லாக் ஓரம் ஒரு காட்டேஜ் எடுத்து, ஒரு வாரம் நாங்களே சமைத்துத் தங்கப் போகிறோம். லண்டனிலிருந்து கார். பதிவு செய்யுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

விளம்பரப் படத்தில் தண்ணீர் வாசல்படி வரை நிற்கும். அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். லாக் என்றதும் ஏரி என்று நினைத்துவிடுகிறோம். கடல் லாக் என்பது மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடல். மேற்குக் கரையிலுள்ள லாக் சுனார்ட்டில் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கிட்டத்தட்ட 4 மீட்டர் வித்தியாசம் வரும். கோடையில் அந்த நாட்களில் காலை 7 மணி வாக்கில் புல்வரை வந்த தண்ணீர், மதியம் 1 மணிக்குத் தூரப் போய்விடும்; மிச்சம் சேறும் கடற்பாசியும்தான். குழந்தைகள் விளையாடவோ கயாக் இறக்கவோ நினைத்தால், "வற்றத்தில் கரை கூழாங்கல்லா, சேறா?" என்று உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். நீர்நாய் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பாசிக்கரைதான் வசதி.

இரண்டாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது. பல வீடுகளுக்கு ஊர்க்குழாய் கிடையாது. மலை ஓடைத் தண்ணீர் வடிகட்டி, கிருமி கொல்லும் யூவி (புறஊதா) விளக்கு வழியாக வரும். தேயிலைச்சாறு போல லேசான பழுப்பாக இருக்கும். அது கரிமண் (பீட் என்னும் மட்கிய செடிமண்) நிறம். அந்த விளக்கின் சுவிட்சை யாரும் அணைக்கக்கூடாது. கரண்ட் போய் வந்தால், உரிமையாளரைக் கேட்கும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள். ஒரு நல்லது: லண்டன் தண்ணீர் கடினம், இது மென்னீர். துவரம்பருப்பு சீக்கிரம் குழையும், டீயும் ருசிக்கும்.

கழிவு செப்டிக் டேங்குக்குப் போகும். வெட் வைப்ஸ் போட்டால் குழாய் அடைக்கும். ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றினால் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா செத்துவிடும். குழம்புச் சட்டியின் எண்ணெயை டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். ஒரே நாளில் நாலு தடவை வாஷிங் மெஷின் ஓட்டினால் டேங்கில் படிந்தது கலங்கி வெளியே தள்ளும்.

சமையலறையில் நம்மவர்கள் மாட்டுவது தாளிப்பில்தான். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்து வீடுகளில் அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். அடுப்படியில் இருப்பது வெப்பத்துக்கு அலறுவது. மிளகாய் கருகினால் அது சும்மா இருக்கும். ஹாலிலும் நடையிலும் இருப்பவை புகைக்கு அலறுபவை. புகை அங்கே போனால் வீடு முழுக்க அலறும். அதனால் அடுப்படிக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, எக்ஸ்ட்ராக்டரைப் போட்டபிறகு கடுகு போடுங்கள். அலறினால் அலாரத்தில் உள்ள பொத்தானை அழுத்துங்கள், கழற்றாதீர்கள். அடுப்பு இண்டக்‌ஷனா என்றும் முன்பே கேளுங்கள். அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும்.

வெப்பத்துக்கு ஸ்டோரேஜ் ஹீட்டர் என்றால், அது இரவு மின்சாரத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடுவது. சாயங்காலம் வந்து திருகினால் மறுநாள்தான் சூடு. ஆகவே முதல்நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். விறகு அடுப்பில் பற்றவைக்கும்போது மேல், கீழ் இரண்டு காற்றுத் திறப்பையும் முழுக்கத் திறந்து, நன்றாகப் பிடித்ததும் கீழே உள்ளதை மூடிவிடுங்கள். அடுப்புக் கதவின் கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம் அல்லது காற்று போதவில்லை. கரையொதுங்கிய கட்டையை எரிக்கவே கூடாது. அதிலுள்ள உப்பு அடுப்பையும் புகைக்குழாயையும் அரிக்கும், புகையும் நச்சு.

சுனார்ட் பக்கம் போக கோரன் ஃபெர்ரியில் லாக் லின்னியைக் கடக்க வேண்டும். சில நிமிடப் பயணம்தான். ஆனால் அது நின்றுவிட்டால் லாக் ஈலைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 40 மைல். மசாலா, கறிவேப்பிலை கிளாஸ்கோவில் போலக்‌ஷீல்ட்ஸ் பக்கமே வாங்கிவிடுங்கள். மற்ற சாமான் ஃபோர்ட் வில்லியமில். அதற்கப்புறம் ஸ்ட்ரான்ஷியன் போன்ற ஊர்களின் சின்னக் கடைதான் (ஸ்ட்ரான்ஷியம் தனிமத்துக்குப் பெயர் தந்த ஊர்). சாலை ஒற்றைத்தடம், எதிரில் வண்டி வந்தால் உங்கள் இடப்பக்க ஒதுங்குமிடத்தில் ஏறி நில்லுங்கள், அது வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராக இடப்பக்கமே நின்று வழிவிடுங்கள். அங்கே பார்க் செய்யக்கூடாது.

மே கடைசி முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் பொடிக்கொசு கடிக்கும். காற்றடித்தால் பறக்காது, காற்றில்லாத ஈரச் சாயங்காலம்தான் ஆபத்து. விளக்கைப் போடுமுன் ஜன்னலைச் சாத்துங்கள்.

பாறையில் மட்டி (மஸல் சிப்பி) கொத்துக்கொத்தாக இருக்கும். பறித்துச் சமைக்காதீர்கள். கடலின் நுண்பாசியிலிருந்து அதில் ஏறும் நச்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. போதாததற்கு ஸ்காட்லாந்தில் காட்டு மட்டி மன்னர் சொத்து.

விளம்பரத்தில், குறுகியகால வாடகைக்குக் கவுன்சில் தரும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.